முகம் வேண்டும், கையெழுத்து வேண்டும். வாய் மட்டும் வேண்டாமா?

ஓர் அரசுப் பள்ளியை நடத்துவதில் பெற்றோருக்கு எவ்வளவு பங்கு? சட்டத்தைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிறது: நான்கில் மூன்று பங்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆவது பிரிவு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் தர வேண்டும். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் இந்தக் குழுவின் வேலைகள்.

இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பெற்றோரிடம் இருக்க வேண்டிய அந்த முக்கால் பங்கு இன்றைக்குப் பெரும்பாலான ஊர்களில் காகிதத்தில்தான் இருக்கிறது. கொடுத்த உரிமையைக் கொடுத்தவர்களே பயன்படுத்த முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். இதை நிர்வாகக் குறைபாடு என்று மென்மையாகச் சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஏழைப் பெற்றோருக்கு இழைக்கப்படும் அநீதி இது.

தமிழ்நாடு அரசு இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்த குழுக்களை 2022இல் மறுகட்டமைப்புச் செய்தது. இருபது பேர் கொண்ட குழுவில் பதினைந்து பேர் பெற்றோர். தலைவர் ஒரு தாய். துணைத் தலைவர் பொறுப்பு மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோருக்கு. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கியது. பிள்ளைக்காகப் பள்ளி வாசலில் காத்துக் கிடந்த ஒரு பெண்ணைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைப்பது சின்ன விஷயமல்ல; பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பெற்றோருக்கு விஷயத்தை விளக்குவதற்காக மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் கூட்டம் நடத்தப்பட்ட நாள் 2022 மார்ச் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள் என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடிந்தது. அதற்குப் பிறகு மாதாந்திரக் கூட்டத்தை எப்போது வைத்தார்கள்? வெள்ளிக்கிழமை பிற்பகலில். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற தாயும், சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற தாயும், நாற்று நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற தாயும் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்பது கல்வித் துறைக்குத் தெரியாதா? கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் அரைநாள் கூலியாவது போகும். ஆசிரியருக்கு அது சம்பளத்தோடு கூடிய பணிநேரம், அந்தத் தாய்க்கோ சோற்றுப் பிரச்சினை. இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, 'பெற்றோர் ஆர்வம் காட்டுவதில்லை' என்று அறிக்கை எழுதுவது எந்த ஊர் நியாயம்?

வராதவர்களை வைத்துக்கொண்டு கூட்டம் எப்படி நடக்கிறது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. தீர்மானப் பதிவேடு மறுநாள் உறுப்பினரின் வீடு தேடிப் போகும். கொண்டுபோவது பல சமயம் அவருடைய பிள்ளையேதான். அடுப்படியில் நிற்கும் அம்மா ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "எங்கடா போடணும்?" என்று கேட்பார். "எச்.எம். பென்சில்ல குறி போட்டிருக்காரும்மா" என்று பிள்ளை விரலை வைத்துக் காட்டுவான். குறி போட்ட இடத்தில் கையெழுத்து விழும். மேலே எழுதியிருப்பது கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்குவது பற்றியா, வாங்கிவிட்டதாகக் கணக்கு முடிப்பது பற்றியா என்று அம்மாவும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. 'உறுப்பினர்கள் அனைவராலும் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்ற வரி மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்.

எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. பெற்றோரை வீடு வீடாகப் போய் அழைத்து வருகிற தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இடைநின்ற பிள்ளைகளைத் தெருத்தெருவாகத் தேடிப் பள்ளிக்குத் திரும்ப அழைத்து வந்த குழுத் தலைவிகளும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல தலைமை ஆசிரியர் வாய்த்தால் உரிமை உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பது எப்படி உரிமையாகும்? அது அதிர்ஷ்டம். சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பி எழுதப்படவில்லை.

இதில் பணமும் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். 101 முதல் 250 வரை என்றால் 50,000. கோடிகளில் புரளும் அரசுக் கணக்கில் இது சில்லறைதான். ஆனால் சுண்ணாம்பு அடிப்பது, குழாய் மாற்றுவது, உடைந்த கதவைச் சரிசெய்வது எல்லாம் இந்தச் சில்லறையில்தான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்பும் மகளைப் பற்றி அவள் அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். இந்தப் பணத்தை எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்று அவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் விஷயத்தில் இந்தக் கேளாமை இன்னும் கொடுமையானது. பள்ளி வாசலில் சாய்தளம் கட்டியிருப்பார்கள், அது முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும். தனிக் கழிப்பறை கட்டியிருப்பார்கள், சக்கர நாற்காலி உள்ளே திரும்ப இடம் இருக்காது. பாதி நாள் அது பூட்டியே கிடக்கும். ஒப்பந்ததாரருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும், புகைப்படம் செயலியில் ஏறிவிடும். அந்தப் பிள்ளையை இடுப்பில் சுமந்து படியேற்றுகிற தாய் அந்தக் குழுவின் துணைத் தலைவராகவே இருக்கலாம். வரைபடத்தை அவரிடம் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதவியைக் கொடுத்துவிட்டுக் கருத்தைக் கேட்காமல் விடுவது, பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் போவதைப் போன்றது.

பள்ளிக்கு முந்தைய வயதில் நிலைமை இன்னும் பின்னோக்கிப் போயிருக்கிறது. பால்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அதற்குப் பிறகு 1980 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதங்கள் சத்துணவு. எடைக் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று அட்டையைத் தாய்க்குக் காட்டிப் பேசினார்கள். ஊர்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சத்துணவு உருண்டை தயாரிப்பது வரை சில இடங்களில் அவர்கள் கையில் கொடுத்தார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு அந்தப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்ததை மதிப்பீடுகள் பதிவு செய்தன. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் நிறைந்த காலம் அது. அவர்களுக்குக் கோடு புரிந்தது.

இன்று? 2021 முதல் எல்லாம் 'போஷன் டிராக்கர்' செயலியில். பால்வாடி டீச்சர் எடையைப் பார்த்துக் கைபேசியில் ஏற்றுகிறார், எண் டெல்லிக்குப் போகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள், குழந்தைக்கு இனி என்ன கொடுக்க வேண்டும் என்று எதிரில் நிற்கும் தாயிடம் உட்கார்ந்து பேச அவருக்கு நேரமில்லை. சிக்னல் கிடைக்கிற இடம் தேடி அலையவே பொழுது போய்விடுகிறது. 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வருகிறவர் முகத்தைக் கைபேசி முன் காட்ட வேண்டும் என்பதும் கட்டாயம். திருட்டைத் தடுக்கத்தான் இது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் வண்டு விழுந்த மாவு வந்தால் அதைச் சொல்ல அந்தத் தாய்க்கு என்ன ஏற்பாடு? 'இந்த மாவைப் பிள்ளை வாயில் வைப்பதில்லை, வேறு விதமாகத் தாருங்கள்' என்று அவர் சொன்னால் அது எந்தத் திரையில் பதிவாகும்? மாவு வாங்க அவர் முகம் வேண்டும், கணக்கு முடிக்க அவர் கையெழுத்து வேண்டும். வாய் மட்டும் வேண்டாம்.

பெற்றோரைச் சந்தேகத்தோடு பார்க்கும் இதே கண், குழந்தைப் பாதுகாப்புத் துறையிலும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்கிறது. வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. பெற்றோரோடு இருந்தே பிள்ளை வளர உதவியாக, தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் ஏற்பாடு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் இருக்கிறது. கணவனை இழந்து, வாடகை கொடுக்க முடியாமல், பிள்ளையை எங்காவது 'ஹாஸ்டலில்' சேர்க்கலாமா என்று வந்து நிற்கும் பெண்ணுக்கு முதலில் சொல்லப்பட வேண்டியது இந்த 4,000 ரூபாய் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்பே, 'பெத்துப் போட்டுட்டு இங்க வந்துட்டீங்களா?' என்ற கேள்வி வந்து விழுகிறது. வறுமையைப் பெற்றோரின் குற்றமாக எழுதும் எந்தச் சேவையும் குடும்பத்துக்கு உதவாது.

அதிகாரிகளிடமும் ஆசிரியர்களிடமும் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. "படிக்காதவங்க சார், அவங்களுக்கு என்ன தெரியும்?" இன்னொன்று: "உள்ளே விட்டா அரசியல் வந்துடும்."

முதல் பதில் வெறும் திமிர். கணிதம் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று எந்தத் தாயும் ஆசிரியருக்குச் சொல்ல வரவில்லை. தன் பிள்ளை ஏன் திங்கட்கிழமைகளில் பள்ளிக்குப் போக அழுகிறது, மதியச் சாப்பாட்டில் எதை ஒதுக்குகிறது, எந்த அண்ணனைக் கண்டு பயப்படுகிறது என்பதைத்தான் அவர் சொல்ல முடியும். இவை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காத தகவல்கள். தலைமுறை தலைமுறையாக நம் பெற்றோருக்குப் பள்ளியில் இருந்த ஒரே அதிகாரம், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதுதான். அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் தடை செய்துவிட்டது. ஒப்படைத்துவிட்டு ஒதுங்கும் பழக்கத்தையும் அதே சட்டம் 21ஆவது பிரிவில் முடித்து வைத்தது. முதலாவது ஓரளவுக்காவது நடந்திருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் காகிதத்தோடு நிற்கிறது.

இரண்டாவது பதிலில் உண்மை இருக்கிறது. குழுவைக் கைப்பற்றக் கட்சிக்காரர்கள் முயல்கிறார்கள். ஒப்பந்த வேலை தன் ஆளுக்கே வேண்டும் என்று மிரட்டுகிற உள்ளூர்ப் பிரமுகர்களைத் தலைமை ஆசிரியர்கள் தினமும் சமாளிக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரமுகர் பலம் பெறுவது மற்றப் பெற்றோர் வராததால்தான். கணக்கு மூடிய அறைக்குள் இருக்கும் வரை அவருக்குக் கொண்டாட்டம். அதைப் பள்ளிச் சுவரில் ஒட்டினால் அவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

பெற்றோரைப் புனிதராக்கும் வேலையையும் நாம் செய்யப்போவதில்லை. 2023 செப்டம்பரில் நடந்ததை மறந்துவிட முடியுமா? காலை உணவுத் திட்டம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 25இல் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள், அவர்களும் தாய்மார்களே. அடுத்த சில வாரங்களிலேயே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும், பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதியும் நேரில் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

இங்கே நம் தீர்ப்பு தெளிவானது. பெற்றோர் பங்கேற்பு என்பது பெற்றோரின் சாதிக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு ஆகாது. தன் பிள்ளையின் நலனைப் பேசத் தாய்க்கு முழு உரிமை உண்டு. இன்னொரு பிள்ளையின் மாண்பையோ இன்னொரு தாயின் வேலையையோ பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. இந்தக் கோட்டை அரசு தயங்காமல் போட வேண்டும். ஆனால் இப்படி இரண்டு ஊர்களைக் காட்டி, எல்லா ஊர்ப் பெற்றோரையும் வாசலிலேயே நிறுத்துவது ஏமாற்று வேலை. ஊழல் செய்த அதிகாரிகளைக் காட்டி நாம் அலுவலகங்களைப் பூட்டுவதில்லை.

பணம் கட்டிப் படிக்க வைக்கும் பெற்றோர் தங்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்த 21ஆவது பிரிவே பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளிலும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். லட்ச ரூபாய் கட்டணம் கட்டும் தகப்பனும் ரேங்க் கார்டு வாங்கும் நாளன்று வரிசையில் நின்று, பிள்ளையைப் பற்றிய புகாரைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார். அவர் வாடிக்கையாளர், பங்காளி அல்லர். சட்டப்படி பார்த்தால் குடிசை வீட்டுத் தாய்க்கு இருக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குழுவில் பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. ஆண்கள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. பால்வாடி, பள்ளி, தடுப்பூசி எல்லாவற்றையும் 'அம்மா பார்த்துப்பா' என்று தள்ளிவிட்டு, மார்க் குறையும்போது மட்டும் அதட்டுவதற்கு வருவது பெற்றோர் கடமையில் சேராது.

அரசு செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. கூட்ட நேரத்தை அந்தந்த ஊர்ப் பெற்றோரே முடிவு செய்யட்டும். ஞாயிறோ, மாலை ஏழு மணியோ, அவர்கள் சௌகரியம். அந்த நேரத்துக்கு வரும் ஆசிரியருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். வேலை நாளில் வைத்தே ஆக வேண்டுமென்றால் வரும் உறுப்பினருக்கு இழந்த கூலியைக் கொடுங்கள். பள்ளிக்கு வந்த மானியத்தையும் செலவையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள். தீர்மானத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதைத் தண்டனைக்குரிய தவறாக்குங்கள். பால்வாடி டீச்சரைச் செயலியிலிருந்து கொஞ்சம் விடுவித்து, தாயோடு பேசும் நேரத்தையும் அவருடைய வேலையாகக் கணக்கில் எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழு அனுப்பும் தீர்மானத்துக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் வர வேண்டும். செய்வோம், செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எதையாவது எழுத்தில் சொல்லட்டும். மூன்று முறை வகுப்பறைக் கூரை ஒழுகுவதாகத் தீர்மானம் போட்டும் ஓர் அதிகாரியும் எட்டிப் பார்க்காத ஊரில் நான்காவது கூட்டத்துக்கு யார் வருவார்கள்? பெற்றோருக்குப் பதில் சொல்லாத இந்தப் பழக்கம் மேலிடத்திலும் இருக்கிறது. மாநிலத்துக்குரிய 2024-25ஆம் ஆண்டுக் கல்வித் திட்ட நிதி, இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல், மத்திய அரசு விதித்த நிபந்தனையால் நின்றுபோனது. அந்தச் சண்டையில் பிள்ளைகளின் பெயரை எல்லோரும் சொன்னார்கள். பள்ளிக் குழுவின் முக்கால் பங்கு உறுப்பினர்களான பெற்றோருக்கு ஒரு விளக்கக் கடிதம்கூட எழுத வேண்டும் என்று டெல்லிக்குத் தோன்றவில்லை.

அரசு தானாகவே மாறும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே போக உங்களுக்குத் தனி அழைப்பு தேவையில்லை. பெற்றோரே, வரும் கிராம சபையில் எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கள் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது? எதற்குச் செலவானது? எங்கள் குழுவின் தீர்மானங்களில் எத்தனை நிறைவேறின? நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை.